கண்ணாடிக்காரர் விமானத்துக்கு வழிகாட்டி வாங்குகிறார்

"இப்ப சொல்லுங்க. ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்டபடி கண்ணாடிக்காரர் வில்லையை மாற்றிப் போடுகிறார். நாற்காலியில் இருப்பவர் திருதிருவென்று விழிக்கிறார். இன்னொரு தடவை காட்டச் சொல்கிறார். காட்டுகிறார். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு சார்" என்று முனகுகிறார் அந்த ஆள். "ஒண்ணு மாதிரி இருக்கவே இருக்காது. அவசரப்படாதீங்க. நீங்க யோசிக்காதீங்க, கண்ணு சொல்லட்டும்" என்று தட்டிக்கொடுத்து, கடைசியில் ஏதோ ஒன்றைச் சொல்ல வைத்துத்தான் இறக்கிவிடுவார். நாள் முழுக்க ஊராரைத் தேர்ந்தெடுக்க வைக்கும் இந்த மனிதர், தன் பழைய விமானத்துக்கு ஒரு வழிகாட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். பிய்ப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

விமானம் என்றதும் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கடையே ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடும் அகலம்தான். ஒரு பக்கம் செருப்புத் தைப்பவர், இன்னொரு பக்கம் ரொட்டிக் கடை. ரொட்டி வேகும் நேரத்தில் கண் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பசி வந்துவிடும். கண்ணாடிக்காரர் ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார், கண்ணாடி பவரைத்தான் சொல்வார். "காலையில மைனஸ் நாலு வந்தாரு, பாவம், மாமியார் தவறிட்டாங்களாம்" என்பார். தெருவில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கும் முன்பு காதைப் பார்ப்பார். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அப்படி அமைவது அபூர்வமாம்.

விமானத்தின் விலை ஒரு நல்ல காரின் விலையை எட்டாது. நான்கு இருக்கை, ஒரே ஒரு காற்றாடி, வலப்பக்கம் மட்டும் ஒரு கதவு. அவருடைய கல்யாணத்தைவிட மூத்தது. அதிலும் பாதிதான் அவருடையது. மீதிப் பாதி மச்சினனுடையது. எது யார் பாதி என்பது இதுவரை முடிவாகவில்லை. பழுது வரும்போதெல்லாம் அது கண்ணாடிக்காரர் பாதியில்தான் வரும் என்று மச்சினன் சொல்வதுண்டு. முன்கண்ணாடியைத் துடைக்கும் உரிமையை மட்டும் கண்ணாடிக்காரர் யாருக்கும் விட்டுத்தரவில்லை. கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் அதே துணி, அதே திரவம், அதே ஊதல். அவ்வளவு பெரிய கண்ணாடியை அந்தச் சின்னத் துணியால் துடைத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வானம் தெளிவாக இருந்தால் அவரும் மனைவியும் பறப்பார்கள். எங்கேயாவது ஒரு சின்ன ஓடுபாதையில் இறங்கி, அங்கே கிடைக்கும் காபியைக் குறை சொல்லிக்கொண்டே குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அவர் ஓட்டுவார். வலப்பக்க இருக்கையில் மனைவி முழங்காலில் வரைபடத்தை விரித்து, இப்போது எங்கே இருக்கிறோமோ அங்கே கட்டைவிரலை வைத்துக்கொள்வார். அந்தம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. எந்தப் பேருந்து எந்தத் தெரு வழியாகப் போய் எந்தப் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்று வழி போடுகிற வேலை. அதனால் வழி என்றால் அந்தம்மாவிடம் யாரும் வாயைக் கொடுக்க முடியாது.

"மூக்கைக் கொஞ்சம் வலக்கைப் பக்கம்" என்பார். "வலக்கைப் பக்கம்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இவர் திருப்புவார். "போதும். அந்தத் தண்ணித் தொட்டியை விட்டுடாதீங்க." "விடலை." வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளும் ரகம் இல்லை. கல்யாணமான புதிதில் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டதைப் போல இருப்பார்கள். ஆனால் மேலே போனால் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க என்று வார்த்தை ஓயாது. கண்ணாடிக்காரர் பறப்பதை விரும்புகிறாரா, இல்லை பக்கத்து இருக்கையிலிருந்து வரும் அந்தக் குரலை விரும்புகிறாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, வழி தவறிவிட்டது. தரையிலிருக்கும் வானொலிக் கம்பங்களின் பக்கம் முள்ளைத் திருப்பிக் காட்டுகிற ஒரு பழைய கருவி அவர்கள் விமானத்தில் உண்டு. அது அன்றைக்கு அசையவே இல்லை. கீழே இலேசான மூட்டம். ரயில் பாதையைக் கண்டதும் அதன்மேலேயே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது திட்டம். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் நடுங்குகிறதே என்று கண்ணாடிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்த சமயம், வலப்பக்கம் கீழே ஒரு கோடு வந்தது. "இது ஆறுங்க. வளைஞ்சு வளைஞ்சு போகுது பாருங்க. ரயில் பாதை இன்னும் வரலை" என்றார் மனைவி. அவர் சொன்னால் சரிதான். இவர் நேராகப் போனார். போய்க்கொண்டே இருந்தார். பெட்ரோல் முள் கடைசிக் கோட்டுக்குத் தாழ்ந்தபோது தெய்வாதீனமாக ஒரு ஓடுபாதை கண்ணில் பட்டது. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் "இது எந்த ஊருங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. வானத்திலிருந்து இறங்கி வந்து ஊர் பெயர் கேட்டவர்களை அந்த ஆள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

ஒன்றும் ஆகிவிடவில்லை. வரைபடம் பழசு, கருவி செத்துவிட்டது, ஆறெல்லாம் இப்போது திசை மாறிவிட்டது என்று மூன்று காரணத்தைக் கண்ணாடிக்காரரே அடுக்கினார். மனைவி வரைபடத்தை மடித்தார். வழக்கமான மடிப்பில் மடியவில்லை. இன்னொரு தடவை மடித்தார்.

அன்றிலிருந்து பிடித்தது இந்தக் கருவிப் பைத்தியம்.

மச்சினனுக்கு இதில் குழப்பமே இல்லை. தரைக்கல் வியாபாரம் செய்கிறவர். எதையும் சதுரம் போட்டுக் கணக்குப் பார்ப்பவர். சாப்பிட வந்த இடத்தில், "ஒரு டேப்லெட் வாங்கி முன்னாடி ஒட்டிட்டா முடிஞ்சுது மாமா. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? போற வழியெல்லாம் அதுவே காட்டிடும்" என்றார். பிறகு அக்கா மேல் கரிசனம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்காவுக்கும் தொல்லை விட்டுது. வயசாகுது இல்ல. இனிமே பின்னாடி காலை நீட்டி உக்காந்து சும்மா வேடிக்கை பாத்துட்டு வரட்டும்." பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி நின்றது. "பின்னாடி உக்காந்தா எனக்குக் குமட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அன்றைக்கு வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரர் மச்சினனை முறைத்தார். அவரோ கொஞ்சம் குழம்பு கேட்டார்.

விமானக் கொட்டகையின் ஒரு மூலையில் ரேடியோ அக்கா இருக்கிறார். விமானங்களின் ரேடியோவையும் கருவிகளையும் பழுது பார்ப்பவர். கண்ணாடிக்காரரைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் எல்லோருக்கும் அக்கா. கையில் பற்றவைக்கும் கம்பி, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் காது வளைவு சரியில்லை என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு மனக்குறை; ஒவ்வொரு தடவையும் பேச்சுக்கு முன்பு அதை வாங்கி நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

"புதுசா, முன்னாடி முள்ளெல்லாம் இருக்கிற பலகையிலயே பதிக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு சார். கலர்ல காட்டும், எதிர்ல மலை வந்தா சொல்லும். பெட்டிக்கு ஒரு விலை. அதை மாட்டுறதுக்கு இன்னொரு விலை. கூரை மேல ஆன்டெனா, உள்ள ஒயரு, அப்புறம் மாட்டினதுக்குச் சான்றிதழ். வருஷா வருஷம் வரைபடம் புதுப்பிக்கிறதுக்கு வேற தனியா."

"மொத்தமா?"

"உங்க விமானத்துல பாதி விலை."

"எந்தப் பாதி?" என்றார் கண்ணாடிக்காரர், தன்னை அறியாமல்.

அடுத்தது பழைய பெட்டி. வேறு யாரோ பிரித்துப் போட்ட விமானத்திலிருந்து கழற்றியது. நல்லது, மலிவு. ஆனால் செய்த கம்பெனியே அதைப் பழுது பார்ப்பதை விட்டுவிட்டது. "ஓடுற வரைக்கும் ஓடும் சார். நின்னா நின்னதுதான்." டேப்லெட்டா? தாராளமாக வாங்கலாம், வெயில் நேராக அடித்தால் சூடாகித் தூங்கிவிடும், எப்போது தேவையோ அப்போது பார்த்து. இதற்கெல்லாம் நடுவில் கையடக்கமாக ஒன்று, தாங்கியில் மாட்டிக்கொள்வது. பலகையை அறுக்க வேண்டாம், சான்றிதழ் தொல்லை இல்லை. "பகல்ல, நல்ல வானத்துல, கண்ணால பாத்துப் பறக்குறவங்க நீங்க. மேகத்துக்குள்ள போறதில்ல. உங்களுக்கு அந்தப் பெரிய பெட்டி வேணுமான்னு நீங்கதான் யோசிக்கணும்" என்றார் ரேடியோ அக்கா. நீங்கதான் யோசிக்கணும் என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

யோசித்தார். புதுப் பெட்டி என்று காலையில் முடிவெடுத்தால், சாப்பிட்டு எழுவதற்குள் அது பழைய பெட்டியாகிவிடும். அதைப் பற்றி மச்சினனிடம் பேசினால் டேப்லெட்டாகிவிடும். கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டார். மைனஸ் நாலு, பெரிசா வாங்குங்க என்றார். இருபார்வைக் கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி, தீர்ப்பை ஒத்திவைத்தார். குழப்பத்தில் ஒருநாள் ரொட்டிக் கடைக்காரரின் கண்ணாடியைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அவரும் அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஜோடி செருப்பைத் தைத்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னது இவரை இன்னும் குழப்பியது. பிரேம் வரும் அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஒவ்வொரு கருவியின் அளவிலும் ஒரு துண்டு செய்து, விமானத்தில் உட்கார்ந்து அங்கே இங்கே ஒட்டிப் பார்த்தார். எந்த அட்டையும் வழி சொல்லவில்லை.

இந்த அமளியில் மனைவி சொன்ன ஒன்றை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "அந்தச் சமையலறைக் கதவு நிலை நடுவுல வளைஞ்சிருக்குங்க. தச்சரைக் கூப்பிடுங்க" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். கடைசியில் தொல்லை தாங்காமல் இவர் ஒரு நூலில் கனமான ஸ்க்ரூ கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். நிலை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "அப்ப என் கண்ணுதான் பொய் சொல்லுதா?" என்றார் மனைவி. இருவரும் சிரித்தார்கள். "சரி, திரை உள்ளங்கை அளவு இருந்தா போதுமாம்மா, இல்ல பெருசா வேணுமா?" என்று இவர் தன் கவலைக்குத் திரும்பிவிட்டார்.

ரேடியோ அக்கா இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, பெரிய பெட்டியை விட்டுவிட்டு, மீதியிருந்ததையெல்லாம், பழைய பெட்டிக்கு ஒரு பேட்டரியும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். "ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. திங்கக்கிழமை ஒண்ணை எடுத்துக்கிட்டு மத்ததைக் கொண்டு வாங்க. என்னையும் கொஞ்சம் வேலை பாக்க விடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து மனைவி கடைக்கு வந்தார். சேர்ந்து வீட்டுக்கு நடப்பது வழக்கம். கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று பொறி தட்டியது. ஊரையெல்லாம் கேட்டோமே, திரையைப் பார்க்கப் போகிறவரைக் கேட்டோமா? மனைவியைப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தார். விமானத்தில் பலகை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் டேப்லெட்டை ஒரு கையிலும் பழைய பெட்டியை இன்னொரு கையிலும் தூக்கிப் பிடித்தார். "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு மாதிரி இருக்கவே இருக்காது. நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன். ரெண்டுலயும் நம்ம ஊர்தான் போட்டிருக்கு. எது மலிவோ அதை வாங்குங்க."

கண்ணாடிக்காரர் திரைகளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். டேப்லெட்டில் அவர்கள் ஊர் இருந்தது. பழைய பெட்டியில், அதை விட்டுப்போன யாரோ ஒருவரின் ஊர் இருந்தது. பெயர்களில் ஒன்றுகூட அவர் கேள்விப்பட்டதில்லை.

விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஆனால் மனைவி சிரிக்கவில்லை. பழக்க தோஷத்தில் இவர் கை சுவர் விளக்கைப் போட்டது. எழுத்து அட்டை வெளிச்சமானது. "கடைசி வரி வாசி." மனைவி படபடவென்று வாசித்தார். ஒரு எழுத்திலும் தடங்கல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட கண்ணாடிக்காரர் அட்டையைத் திரும்பிப் பார்த்தார். மனைவி வாசித்தது பழைய அட்டையின் கடைசி வரி. அது கிழிந்துபோய், போன வாரம்தான் வேறு அட்டை மாட்டியிருந்தார். இதில் கடைசி வரி வேறு.

கடை தொடங்கிய காலத்தில் அந்தப் பழைய அட்டையைத் தினமும் தூசி தட்டியவர் மனைவி. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களெல்லாம் தட்டுத் தடுமாறி அதை வாசிப்பதைக் கேட்டவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார். வருஷம் தவறாமல் மனைவியின் கண்ணை அதே அட்டையில் பரிசோதித்து, "உனக்கு இன்னும் கல்யாணப் பொண்ணு கண்ணு" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார் இந்தக் கெட்டிக்காரர்.

"சரியா இருக்கா?" என்றார் மனைவி.

"சரியாதான் இருக்கு" என்றார். கண்ணாடிக்காரர் விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டினார்.

வீட்டுக்கு நடந்தார்கள். படி வரும் இடங்களில் மனைவியின் கால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் இறங்கியது. பேசும்போது அவர் பார்வை இவர் முகத்தில் விழாமல் இவர் காதுக்குப் பக்கத்தில் எங்கோ விழுந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று இவர் நினைத்திருந்தார், கேட்கப் பயந்து விட்டுவிட்டார். இப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. நேரான கதவு நிலை வளைந்து தெரிந்திருக்கிறது. அன்றைக்குக் கீழே வந்த கோடும் ஆறு இல்லை. நேராகக் கிடந்த ரயில் பாதைதான் அந்தக் கண்ணுக்கு நெளிந்திருக்கிறது.

கடைக்கு வருகிற ஒருவர் இப்படிச் சொன்னால் கண்ணாடிக்காரர் அவரிடம் கண்ணாடி விற்க மாட்டார். "இது கண்ணாடியில தீர்ற விஷயம் இல்லைங்க. உள்ள விழித்திரை நடுவுல கோளாறு. ஊசி போட்டு இருக்கிறதைக் காப்பாத்தலாம். நாள் கடத்தாதீங்க, உடனே போங்க" என்று விரட்டுவார். மாடிப்படியில் நின்று கண் டாக்டருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வரச் சொன்னார் டாக்டர். போனை வைத்ததும் அழுகை வந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதார். வழி சொல்பவரின் கண் போய்க்கொண்டிருக்கிறது, கண் பார்ப்பவர் அதைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போகப்போவதை மனைவியிடம் சொல்லிவிடலாம். நாலு வார்த்தைதான். ஆனால் அந்த நாலு வார்த்தையும் மனைவியின் காதில், பின்னாடி போய் உக்காரு என்றுதான் விழும். அதற்குப் பயந்துதானே அந்தம்மா இத்தனை நாளாக மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார்? வேண்டாம், நீயே முன்னாடி உட்கார் என்று சொல்வதற்காவது கையில் ஒரு பதில் வேண்டுமே. எந்தக் கருவி, எந்த அளவு, எந்த எழுத்து? ராத்திரி சாப்பாட்டில் இவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மனைவி, கருவிக் கவலை என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு விடிந்ததும், "பெட்ரோல் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையோடு கிளம்பினார். வழியில் கடையைத் திறந்து பழைய பிரேம் ஒன்றில் வெறும் கண்ணாடி போட்டு, இரண்டு கண்ணாடியின் நடுவிலும் கறுப்புக் காகித வட்டம் வெட்டி ஒட்டினார். கொட்டகையில் யாரும் இல்லை. விமானத்தில் ஏறி, வாழ்க்கையில் முதல் முறையாக வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்க்க விமானம் வேறு யாருடையதோ போல இருந்தது. கண்ணாடியை மாட்டினார். எதிரே நேராகப் பார்த்த இடத்தில் எல்லாம் ஒரு கரிய ஓட்டை. ஓரத்தில் வானம் இருந்தது, இறக்கை இருந்தது, கொட்டகைத் தூண் இருந்தது. எதைப் பார்க்க நினைக்கிறாரோ அது மட்டும் இல்லை. காகிதத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கண்ணை உருட்டித் தப்பித்துக்கொள்ளலாம்; நிஜமான மறைப்பு கண் போகும் இடமெல்லாம் கூடவே வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கண்ணை உருட்டாமல் பிடிவாதமாக நேராகவே வைத்திருந்தார்.

டேப்லெட்டைப் பலகையில் வைத்தார். வண்ணக் கஞ்சி. பழைய பெட்டியில் கொசு மொய்த்தது போல எழுத்து. புதுப் பெட்டியின் படம் போட்ட தாளைக்கூட விரித்து வைத்துப் பார்த்தார். அவ்வளவு விலைக்கு அதுவும் இருட்டுதான். கடைசியில் அந்தக் கையடக்கக் கருவி. அதில் வரைபடத்தை மறைத்துவிட்டுத் திசையையும் தூரத்தையும் மட்டும், கறுப்பில் மஞ்சளாக, திரை நிறையக் காட்டும் வசதி இருந்தது. அதைப் போட்டார். அப்போதும் தெரியவில்லை. மண்டை காய்ந்தது. எரிச்சலில் முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பினார். கடைக்கண்ணில், மங்கலாக, ஒரு எண் வந்து நின்றது.

அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் வந்ததோ, கதவு சாத்தியதோ, வெளியே மச்சினன் போனில் யாரிடமோ தரைக்கல்லுக்கு விலை பேசியதோ அவர் காதில் விழவில்லை. இறக்கையில் காலடி அதிர்ந்தபோதுதான் திரும்பினார். திறந்திருந்த கதவில் மனைவி நின்றார்.

கறுப்பு வட்டங்கள் ஒட்டிய கண்ணாடியும், தன் இருக்கையில் கணவனும், மடியில் இரண்டு கருவிகளும், பலகையில் ஒன்றும். மனைவி குனிந்து, கண்ணாடியை வெகு பக்கத்தில் வந்து பார்த்தார். ஒரு விரலால் அந்தக் காகித வட்டத்தைத் தொட்டார்.

"எது தெளிவுன்னு..." என்று ஆரம்பித்த கண்ணாடிக்காரர் பேச்சை மாற்றினார். "நாளைக்குக் காலையில கண் டாக்டர்கிட்ட போறோம்மா. சொல்லிட்டேன். முதல் ஆளாப் பாக்குறேன்னாரு."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நேத்து. உனக்கு?"

"அந்த ஆத்துக்கு முன்னாடியே." விரலை எடுத்துக்கொண்டு, "நான் பின்னாடி உக்கார மாட்டேன்" என்றார் மனைவி.

"யாரும்மா உக்காரச் சொன்னா? அதுக்குத்தானே இங்க உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். இது கொஞ்சம் தெரியுது, பாரேன். இப்படிக் கழுத்தைத் திருப்பினா..." அவர் மறுபடி பலகையின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். அவசரத்தில் அந்த எண் தப்பிவிட்டது. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கிடைக்கவில்லை.

மனைவி கையை நீட்டி அவர் தாடையைப் பிடித்தார். மெதுவாக இடப்பக்கம் திருப்பினார், கொஞ்சம் கீழே இறக்கினார், மறுபடி ஒரு இழை திருப்பினார். "இவ்வளவு. இதுக்கு மேல போகாதீங்க. எனக்கும் இப்படி வச்சாத்தான் எழுத்து வரும்" என்று சொல்லிவிட்டு, அவர் கழுத்து நகர்ந்துவிடாமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.